காலாங்கில் கோப்பை, செங்காங்கில் மட்டை

*உலகின் முதல் எட்டு டென்னிஸ் வீராங்கனைகளும் ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூருக்கு வந்து ஆடினார்கள். பிறகு போட்டி ஷென்ஜென்னுக்குப் போனது. 2025-இல் மகளிர் டென்னிஸ் சிறிய அளவில் திரும்பியது. இந்தப் போக்குவரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சியது?*

2014 அக்டோபர் 22, புதன்கிழமை. தீபாவளி. சிராங்கூன் சாலையின் வளைவு விளக்குகளுக்குக் கீழே புதுத்துணிக் கூட்டம். கேம்பல் லேன் சந்தையில் கடைக்காரர்கள் பந்தலைப் பிரித்து அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். செங்காங் அடுக்குமாடிகளில் மின்தூக்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் நெய் மணமும் முறுக்கு டின்களும் வெளியே வருகின்றன. அதே நாளில் காலாங்கின் உள்விளையாட்டரங்கத்தில் செரினா வில்லியம்ஸ் தன் மட்டையையே சந்தேகமாகப் பார்க்கிறார். எதிரே ரொமானியாவின் சிமோனா ஹாலெப். முதல் செட் 6-0. இரண்டாவது செட் 6-2. உலகின் முதல்நிலை வீராங்கனைக்கு அன்று கிடைத்தது மொத்தம் இரண்டே கேம். அவ்வளவு மோசமாக அவர் கடைசியாகத் தோற்றது 1998-இல்.

கதை அத்தோடு முடியவில்லை. நான்கு பேர் கொண்ட பிரிவில் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் மோதுவது இந்தப் போட்டியின் முறை. முதல் இருவருக்குத்தான் அரையிறுதி. செரினா உள்ளே வருவாரா, மூட்டை கட்டுவாரா என்பது கடைசியில் ஹாலெப் கையில் வந்து நின்றது. அனா இவனோவிச்சிடம் ஹாலெப் நேர் செட்டில் தோற்றால் செரினா வெளியே. ஹாலெப் தோற்றார், ஆனால் ஒரு செட்டை வென்றுவிட்டுத் தோற்றார். அந்த ஒரு செட் செரினாவை அரையிறுதிக்குக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் அதே இருவர். செரினா 6-3, 6-0. தன்னை உள்ளே விட்டவரையே வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்.

ஆசிய பசிபிக் வட்டாரத்தில் மகளிர் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டி நடந்தது அதுவே முதல்முறை. பயணத்துறைக் கழகமும் ஸ்போர்ட் சிங்கப்பூரும் முன்நின்று ஐந்து ஆண்டுகளுக்குப் பிடித்து வந்த போட்டி. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் 2008-இலேயே வந்துவிட்டது. டென்னிஸும் சேர்ந்தபோது, பெரிய பெயர்களை வரவழைத்து ஹோட்டல் அறைகளை நிரப்பும் ஊர் என்ற பெயர் சிங்கப்பூருக்கு உறுதியானது. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் தேசிய விளையாட்டரங்கத்தில் ஆறு இரவுகள் பாடியதும் இதே கணக்கில்தான். கணக்குப் பிழையில்லை. டென்னிஸுக்கும் அதே கணக்குப் பொருந்துமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

---

பெட்டிச் செய்தி: காலாங்கின் ஐந்து ராணிகள்

2014: செரினா வில்லியம்ஸ். இறுதியில் ஹாலெப்பை 6-3, 6-0 என்ற கணக்கில் வென்றார்.

2015: போலந்தின் அக்னியெஷ்கா ராட்வான்ஸ்கா. பிரிவு ஆட்டங்களில் முதல் இரண்டிலும் தோற்றவர். இறுதியில் பெத்ரா குவிட்டோவாவை மூன்று செட்டில் மடக்கினார்.

2016: ஸ்லோவாகியாவின் டொமினிகா சிபுல்கோவா. இவரும் முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றவர். இறுதியில் ஆஞ்சலிக் கெர்பரை 6-3, 6-4 என வென்றார்.

2017: டென்மார்க்கின் கரோலின் வோஸ்னியாக்கி. எதிரே 37 வயது வீனஸ் வில்லியம்ஸ். 6-4, 6-4.

2018: உக்ரேனின் எலினா சுவிட்டோலினா. முதல் செட்டை இழந்தபின் ஸ்லோன் ஸ்டீவன்ஸை வென்றார்.

மொத்தப் பரிசுத்தொகை 2014-இல் 65 லட்சம் அமெரிக்க டாலர், பிறகு 70 லட்சம்.

---

நம்ம பொண்ணு

ஒற்றையர் ஆட்டத்தைத்தான் உலகத் தொலைக்காட்சிகள் துரத்தின. லிட்டில் இந்தியாவின் சாப்பாட்டுக் கடைகளில் பேச்சு வேறு. சானியா மிர்ஸா ஹைதராபாத்காரர். தமிழுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் வெளிநாட்டில் ஓர் இந்தியப் பெண் மட்டையைத் தூக்கினால், கடை மேசையில் காப்பி குடிப்பவருக்கு அவர் "நம்ம பொண்ணு"தான்.

2014-இல் சானியாவும் ஜிம்பாப்வேயின் காரா பிளாக்கும் ஜோடி. அரையிறுதியில் முதல் செட்டை இழந்து, இரண்டாவதை 7-5 எனப் பிடித்து, முடிவு காணும் சூப்பர் டைபிரேக்கரை 11-9 என்று பிய்த்தெடுத்தார்கள். இறுதி ஆட்டம் அதற்கு நேர்மாறு. முந்தைய ஆண்டின் சாம்பியன்களான தைவானின் ஷே சு-வெய், சீனாவின் பெங் ஷுவாய் ஜோடியை 6-1, 6-0 என்று ஊதித் தள்ளினார்கள். ஷே சு-வெய் சில மாதங்களிலேயே சானியாவின் ஜோடியாக வந்து சேர்ந்தார். அது நீடிக்கவில்லை. 2015 மார்ச்சில் மார்ட்டினா ஹிங்கிஸ் வந்தார். விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டையும் வென்ற கையோடு அந்த ஆண்டு இறுதியில் இருவரும் காலாங்கில் இறங்கினார்கள். ஒரு செட்கூடக் கொடுக்காமல் கோப்பையை எடுத்துப் போனார்கள். இறுதியில் முகுருசா, சுவாரஸ் நவாரோ ஜோடிக்கு எதிராக 6-0, 6-3. அதோடு தொடர்ந்து 22 வெற்றிகள்.

சிங்கப்பூரில் இந்திய ஜோடிகள் கோப்பை தூக்குவது அப்போது புதிதல்ல. 1997-இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் ஒரே ஆண்டில் ஆறு இரட்டையர் பட்டங்களை வென்றார்கள். முதலாவது சென்னையில், கடைசி சிங்கப்பூரில். தொண்ணூறுகளின் பிற்பாதியில் இங்கே ஆண்களுக்கான ஓப்பன் போட்டி நடந்ததே பலருக்கு நினைவில்லை. 1999-இல் அது நின்றது. போட்டி வருவது, ஆடுவது, போவது எல்லாம் காலாங்குக்குப் பழகிப்போன சடங்கு.

ஷென்ஜென் எடுத்துப்போன கோப்பை

2018 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. 2019 முதல் ஆண்டிறுதிப் போட்டி சீனாவின் ஷென்ஜென்னில், பத்து ஆண்டுகளுக்கு. பரிசுத்தொகை ஒரேயடியாக இரட்டிப்பாகி ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர். போட்டியைத் தக்கவைக்கச் சிங்கப்பூரும் விண்ணப்பித்திருந்தது. மான்செஸ்டர், பிராக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரங்களும் வரிசையில் நின்றன. ஷென்ஜென் நீட்டிய காசோலைக்கு முன்னால் யாருக்கும் வாய் திறக்க வழியில்லை. மகளிர் டென்னிஸ் சங்கத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. காசு கொடுத்துக் கூப்பிட்டவர் வீட்டிலிருந்து, அதைவிட அதிகம் கொடுத்தவர் வீட்டுக்குப் போனார்கள்.

2019-இல் ஷென்ஜென்னில் வென்ற ஆஷ்லி பார்ட்டி 44 லட்சம் டாலர் வாங்கினார். ஆண், பெண் இருபாலிலும் ஒரே போட்டியில் அதற்குமுன் எவரும் அவ்வளவு வாங்கியதில்லை. அடுத்த ஆண்டு கொரோனா. அதற்கடுத்த ஆண்டு பெங் ஷுவாய்.

2014 காலாங் இறுதியில் சானியா ஜோடியிடம் தோற்ற அதே பெங் ஷுவாய்தான். 2021 நவம்பர் 2-ஆம் தேதி சீனாவின் முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் மீது பாலியல் புகார் சொல்லிச் சமூக ஊடகத்தில் எழுதினார். பதிவு சிறிது நேரத்திலேயே மறைந்தது. சில வாரங்களுக்கு அவரையும் பொதுவெளியில் காணவில்லை. டிசம்பர் 1-ஆம் தேதி மகளிர் டென்னிஸ் சங்கம் சீனாவில் தன் போட்டிகள் அனைத்தையும் நிறுத்தியது. பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஷென்ஜென் கண்டது ஒரே ஒரு போட்டி.

பிறகு ஆண்டிறுதிப் போட்டி ஊர் ஊராக அலைந்தது. மெக்சிகோவின் குவாதலஹாரா, அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த், மறுபடி மெக்சிகோவின் கான்குன். கான்குனில் அவசரமாக எழுப்பிய தற்காலிக அரங்கில் காற்றிலும் மழையிலும் ஆடவைத்ததற்கு வீராங்கனைகள் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்கள். கூரை, குளிர்சாதனம், சொன்ன நேரத்தில் ரயில் என்று எல்லாம் இருந்த காலாங்கை அப்போது எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ. 2023-இல் சங்கம் சீனாவுக்குத் திரும்பியது, ஆனால் ஆண்டிறுதிப் போட்டி அங்கே போகவில்லை. 2024-இல் ரியாத் அதை வாங்கிக்கொண்டது, ஒரு கோடியே ஐம்பத்திரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் டாலர் பரிசுத்தொகையோடு.

அந்த ஏலத்தில் சிங்கப்பூர் இல்லை. அது நல்லதுதான் என்பது என் கட்சி.

புத்தாண்டு வாரத்தில் திரும்பிய டென்னிஸ்

நடுவே 2021 பிப்ரவரியில் ஆண்கள் வந்தார்கள். கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே ஓராண்டு உரிமத்தில் நடந்த போட்டி அது. ஆஸ்திரேலியாவின் அலெக்ஸி போபிரின் முதல் செட்டை இழந்தும் அலெக்சாண்டர் பூப்ளிக்கை வென்று, தன் வாழ்க்கையின் முதல் பட்டத்தை எடுத்தார். பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் காலி. அந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மகளிர் டென்னிஸ் திரும்பியது 2025-இல், ஜனவரி 27 முதல் பிப்ரவரி 2 வரை. சீனப் புத்தாண்டு ஜனவரி 29. ஊரே ஆரஞ்சுப் பழங்களோடும் சிவப்பு உறைகளோடும் உறவினர் வீடுகளுக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் காலாங் டென்னிஸ் நடுவத்தில் ஆட்டங்கள் நடந்தன. பழைய உள்விளையாட்டரங்கம் இல்லை. புதிதாகக் கட்டப்பட்ட, பொதுமக்களும் பதிவுசெய்து ஆடக்கூடிய, கூரையிட்ட டென்னிஸ் வளாகம். இந்த வித்தியாசம் முக்கியமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போட்டி சிறியது. டென்னிஸ் சங்கத்தின் படிநிலையில் 250 என்ற வகை. வென்றவருக்கு 250 தரவரிசைப் புள்ளிகள். மொத்தப் பரிசு ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம் டாலர். 2018-இல் இதே காலாங்கில் பகிர்ந்த தொகையில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். பிரிட்டனின் எம்மா ரடுகானுவைப் பார்க்க வந்த கூட்டம் முதல் சுற்றிலேயே ஏமாந்தது. ஸ்பெயினின் கிறிஸ்டினா பூக்ஷாவிடம் அவர் மூன்று செட்டில் தோற்றார். பெல்ஜியத்தின் எலிஸ் மெர்டன்ஸ் இறுதியில் அமெரிக்காவின் ஆன் லீயை 6-1, 6-4 என வென்று கோப்பையை எடுத்தார்.

செரினாவைப் பார்த்துப் பழகிய ஊருக்கு இது இறக்கம்தான். ஆனால் 250 வகைப் போட்டியில் ஆண்டிறுதிப் போட்டிக்கு இல்லாத ஒன்று உண்டு. ஆண்டிறுதிப் போட்டியில் உலகின் முதல் எட்டுப் பேரைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. 250 வகையில் தகுதிச்சுற்று உண்டு, வைல்டு கார்டு உண்டு. உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு அங்கே நுழைய வாசல் இருக்கிறது. நுழைய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

செங்காங்கிலிருந்து ஸ்டேடியம் நிலையம்வரை

செங்காங்கில் ஊதா நிற ரயிலைப் பிடித்தால் புவாங்கோக், ஹவ்காங், கோவன் தாண்டி சிராங்கூன். அங்கே மாறி வட்டப்பாதையில் ஏழாவது நிறுத்தம் ஸ்டேடியம். மாறாமல் அதே ஊதாப் பாதையில் உட்கார்ந்திருந்தால் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா. இவ்வளவு பக்கத்தில் உலக டென்னிஸ் ஐந்து ஆண்டுகள் நடந்தும், சிங்கப்பூருக்கென்று ஒற்றையர் தரவரிசையில் முதல் நூறில் ஓர் ஆட்டக்காரர்கூட இதுவரை வந்ததில்லை. டேவிஸ் கோப்பையில் ஆசியாவின் கீழ்ப்பிரிவுகளில்தான் நாடு ஆடிவருகிறது.

ஏன்? செங்காங்கையே எடுத்துக்கொள்வோம். காங்கார் மீன்பிடிக் கிராமமும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்த இடத்தில் தொண்ணூறுகளில் எழுந்த புதுநகர். 2003-இல் ரயில் வந்தது. இன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். பிள்ளைகள் நிறைந்த, இளம் குடும்பங்களின் ஊர். ரிவர்வேல் கிரசென்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம், ஆங்கர்வேலில் ஆற்றோரம் பெரிய விளையாட்டு நிலையம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு நடுவே கூடைப்பந்துத் திடல், காற்பந்துக் கூண்டு, சிமெண்டுத் தரையில் பூப்பந்துக் கோடுகள். டென்னிஸ் வலையை இந்தப் பொதுவெளியில் தேடித்தான் பார்க்க வேண்டும். வலை இருப்பது பெரும்பாலும் கொண்டோமினிய வேலிக்குள். அதற்குள் போக நுழைவட்டை வேண்டும்.

இது சதி ஒன்றும் இல்லை, வெறும் நிலக்கணக்கு. டென்னிஸ் ஆடுகளத்தின் கோடுகளுக்குள் நீளம் 23.77 மீட்டர். பின்னால் ஓடிப் பந்தை எடுக்க இடம்விட்டால் 36 மீட்டர் தேவை, அகலம் 18. அவ்வளவு இடத்தில் ஆடுவது இருவர், மிஞ்சினால் நால்வர். பூப்பந்துக்கு 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் போதும். பிக்கிள்பால் அளவும் அதுவேதான். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தில் நான்கு பிக்கிள்பால் ஆடுகளங்களைப் போட்டுவிடலாம். நிலம் விலைமதிப்பில்லாத ஒரு தீவில் நகரமைப்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதனால்தான் சென்ற சில ஆண்டுகளாகப் பிக்கிள்பால் புளோக்குகளின் அடிவாரம்வரை வந்துவிட்டது. கூடவே இரவு நேர டொக்டொக் சத்தம் பற்றிய புகார்களும் வந்தன.

பூப்பந்தில் சிங்கப்பூரின் லோ கியென் இயூ 2021-இல் உலகச் சாம்பியன் ஆனார். திறமை மட்டும் காரணமில்லை. சமூக மன்றத்தில் கூடம், பள்ளியில் கூடம், புளோக்கின் கீழே கோடு. ஒரு பிள்ளைக்கு அந்த விளையாட்டு பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெற்றோர் பெரிய பணம் செலவழிக்க வேண்டியதில்லை. டென்னிஸில் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கே பயிற்றுநர் வேண்டும், முன்பதிவு வேண்டும், வாரயிறுதியில் ஒரு மணி நேர ஆடுகளத்துக்கு இணையத்தில் மற்றவர்களோடு முட்டி மோத வேண்டும். நகரின் மறுபக்கம் போக வண்டி இருந்தால் வசதி. செங்காங்கின் சராசரி நான்கறை வீட்டுக் குடும்பம் இந்தப் பட்டியலில் எத்தனையாவது வரியில் நின்றுவிடும் என்று சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டு வயதுச் சுவர்

இடம் கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது வயது. டென்னிஸில் பெரிய ஆளாக வருபவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நாடுநாடாகப் போய் ஆடத் தொடங்குகிறார்கள். இங்கே அந்த வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டில் அந்த ஆண்டு தொலைக்காட்சிகூட மெதுவாகத்தான் பேசும். துணைப்பாட வகுப்பு, மாதிரித் தேர்வு, தமிழ்மொழிக்குத் தனி டியூஷன். மட்டை அலமாரிக்குப் போகிறது. தேர்வு முடிந்து அதை எடுக்கும்போது ஜகார்த்தாவிலும் மணிலாவிலும் அதே வயதுப் பிள்ளைகள் நூறு ஆட்டம் முன்னால் போய்விட்டிருப்பார்கள்.

நேரடிப் பள்ளிச் சேர்க்கை என்ற வழி இருக்கிறது. விளையாட்டுத் திறமையைக் காட்டி நல்ல உயர்நிலைப்பள்ளியில் இடம்பெறலாம். அதுவும் ஒரு விசித்திரத்தில் முடிகிறது. பல வீடுகளில் டென்னிஸ் அந்தப் பள்ளி இடத்துக்கான ஏணி. இடம் கிடைத்ததும் ஏணியை மடக்கிவைத்துவிடுகிறார்கள். பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. உலகத் தரவரிசையில் இருநூறாவது இடத்தில் இருப்பவரே விமானச் சீட்டுக்கும் பயிற்றுநருக்கும் கணக்குப் பார்த்துத்தான் வண்டியை ஓட்டுகிறார். அதை அறிந்த தந்தை, மகளைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திருப்புவது நியாயமே.

பையன்களுக்கு இன்னொரு சுவர். பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு தேசிய சேவை. நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு அதைத் தள்ளிப்போட அனுமதி கிடைத்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்று கணக்கைத் தீர்த்தார். அப்படிப்பட்ட அனுமதி அபூர்வம், ஒலிம்பிக் பதக்கம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான். டென்னிஸில் பதினெட்டு வயதில் யாருக்கும் அப்படி எதுவும் உறுதியில்லை.

சென்னை: தலைகீழ்க் கணக்கு

இந்த இடத்தில் கடல் தாண்டிச் சென்னையைப் பார்ப்பது உதவும். இரண்டு ஊர்களும் ஒரே காலத்தில் தங்கள் பெரிய டென்னிஸை இழந்தன. சென்னை ஓப்பன் 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்தது, 2018-இல் புனே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரின் கடைசி ஆண்டிறுதிப் போட்டி அதே 2018 அக்டோபரில். பிறகு இரண்டு ஊர்களுக்கும் 250 வகையில் மகளிர் டென்னிஸ் வந்தது. சென்னைக்கு 2022-இலும் 2025-இலும், சிங்கப்பூருக்கு 2025-இல்.

ஆனால் சென்னை முதலில் ஆட்டக்காரர்களைத் தந்தது, போட்டி பிறகுதான் வந்தது. தந்தை டி.கே. ராமநாதனிடம் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையர் பட்டத்தை வென்றார், 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். மகன் ரமேஷ் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள் என்று வரிசை நீண்டது. 1980-களில் அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் நடத்திய பயிற்சித் திட்டத்தில்தான் கொல்கத்தாப் பையன் பயஸ் வந்து சேர்ந்தார். 2008 சென்னை அரையிறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் ஏறக்குறைய நான்கு மணிநேரம் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிலிர்ப்பார்கள். அதே மோயா 2005-இல், சுனாமி வந்து சில நாள்களிலேயே சென்னையில் வென்று, பரிசுப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தவர்.

சென்னைக்கு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், போட்டியைக் கட்டிவைக்கக் காசு பற்றவில்லை. சிங்கப்பூரிடம் காசு இருந்தது, ஆட்டக்காரர் இல்லை. திருவிழாவுக்கு வந்த ராட்டினம் மாதிரி காலாங்கில் ஐந்து ஆண்டுகள் சுற்றிவிட்டு டென்னிஸ் கிளம்பியது. 2018-க்குப் பிறகு ஊரில் அதன் தடம் என்று காட்ட வீராங்கனைகளின் கையெழுத்துப் பந்துகளைத் தவிர அதிகமில்லை. பந்து பொறுக்கிய பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நினைவு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

அதனால்தான் காலாங் டென்னிஸ் நடுவம் வித்தியாசமானது என்றேன். மெர்டன்ஸ் கோப்பை வென்ற கூரைக்குக் கீழே மற்ற நாள்களில் பொதுமக்கள் முன்பதிவு செய்து ஆடலாம். மதிய மழை பிடித்துக்கொண்டால் வெளி ஆடுகளத்துப் பயிற்சி பாழாகும் ஊரில், கூரையிட்ட பொது ஆடுகளம் என்பது அலங்காரம் அல்ல. போட்டிக்காகப் போட்ட காசில் ஒரு பகுதியாவது தரையில் தங்கியிருக்கிறது. காலாங்கில் புதிய பெரிய உள்ளரங்கம் கட்டும் திட்டத்தையும் அரசு 2025-இல் அறிவித்தது. அதில் இசைநிகழ்ச்சிகளும் வரும், ஒருநாள் பெரிய டென்னிஸும் திரும்ப வரலாம். என்னைக் கேட்டால் அந்தப் பெரிய கூரைக்கு ஆகும் செலவில் சொற்பத்தை எடுத்து, செங்காங், பொங்கோல் மாதிரியான ஊர்களில் நான்கு நான்கு பொது டென்னிஸ் ஆடுகளங்கள் போடலாம். நிலம் இல்லை என்பார்கள். பலமாடிக் கார்நிறுத்தங்களின் மொட்டைமாடியில் தோட்டம் போடும் ஊர் இது. வலை கட்டவா இடமில்லை?

---

பெட்டிச் செய்தி: அக்கம்பக்கத்துக்காரர்கள்

இந்தோனேசியா: யாயுக் பசுகி தொண்ணூறுகளில் உலகின் முதல் இருபதுக்குள் இருந்தவர்.

தாய்லாந்து: தாமரின் தனசுகார்ன் 2008 விம்பிள்டனில் காலிறுதி ஆடினார். ஆண்களில் பாரடோன் ஸ்ரீசபன் முதல் பத்துக்குள் வந்தார்.

பிலிப்பைன்ஸ்: அலெக்ஸ் ஈலா, 2025 மார்ச்சில் மயாமியில் வைல்டு கார்டில் நுழைந்து இகா ஷ்வியான்டெக்கை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனார். அப்போது அவருக்கு 19 வயது.

தமிழ்நாடு: கோவையின் மாயா ராஜேஷ்வரன் ரேவதி, சிங்கப்பூர் போட்டிக்கு அடுத்த வாரமே, 2025 பிப்ரவரியில், மும்பை 125 வகைப் போட்டியில் 15 வயதில் அரையிறுதியை எட்டினார்.

---

படித்துவிட்டு வந்த பெண்

செங்காங் வீடுகளில் டென்னிஸ் பேச்சு எடுத்தால் கடைசியில் வந்து நிற்பது படிப்பில்தான். அதற்கு ஈலா பதில் ஆகமாட்டார். அவர் சிறுவயதிலேயே ஸ்பெயினில் நடால் அகாடமிக்குப் போய்விட்டவர். எல்லாக் குடும்பமும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது, அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன்.

பதில் ஜகார்த்தாவிலிருந்து வருகிறது. ஜானிஸ் ட்ஜென். பள்ளி முடித்து அமெரிக்கா போனார். கல்லூரி அணியில் ஆடிக்கொண்டே படித்தார், கலிஃபோர்னியாவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் 2024-இல் பட்டம் வாங்கினார். முழுநேரமாக டென்னிஸுக்கு வந்தது அதன் பிறகுதான். 2025 தொடங்கும்போது தரவரிசையில் நானூறுக்கும் கீழே இருந்தவர், ஆகஸ்டில் அமெரிக்க ஓப்பனின் தகுதிச்சுற்றைத் தாண்டி முதல் சுற்றிலும் வென்றார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஓர் இந்தோனேசியர் வென்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நவம்பர் 2-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என வென்று சென்னை ஓப்பன் கோப்பையை எடுத்தார். அவருடைய முதல் பட்டம் அது.

அமெரிக்கப் பல்கலைக்கழக டென்னிஸ் என்பது கட்டணச் சலுகையோடு வரும் படிப்பு. பயிற்றுநர், உடற்பயிற்சிக் கூடம், பயணச் செலவு எல்லாம் கல்லூரிக் கணக்கில். நான்கு ஆண்டு கழித்து டென்னிஸ் கைகொடுக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். சிங்கப்பூர்ப் பெற்றோரின் மனக்கணக்குக்கு இதைவிடப் பொருந்துகிற வழி வேறில்லை. பதினெட்டு வயதில் உலகத் தரவரிசையில் இல்லாமலிருப்பது இந்த வழியில் குற்றமல்ல. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காக ஓராண்டு மட்டையை அலமாரியில் வைத்ததும் மன்னிக்கப்படும். பெண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவையும் குறுக்கே வராது. ட்ஜென் சென்னையில் வென்றது எந்த வகைப் போட்டியோ, அதே 250 வகைதான் காலாங்கில் எலிஸ் மெர்டன்ஸ் வென்றதும். அதில் வைல்டு கார்டு யாருக்குக் கொடுப்பது என்று ஏற்பாட்டாளர்கள் முடிவு செய்யும்போது, பட்டியலில் செங்காங் முகவரி ஒன்று இருக்க வேண்டுமானால், ஆங்கர்வேலில் இப்போது எட்டு வயதில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வலையும், மாதச் சம்பளத்துக்கு அடங்கும் ஒரு பயிற்றுநரும் இந்த ஆண்டே வேண்டும்.